ஆக்னஸ் கையெழுத்துப் போடுவாள்

நாமக்கல்
3 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சேசுவுக்குப் புகழ். பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தக் கவரில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. நான் எழுதிய திரைக்கதை. பெயர் ‘மூன்றாம் ஓலை’. பட்டறையில் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டே கோவிலுக்கு ஈஸ்டர் நாடகம் எழுதுகிறவன் என்று என்னைக் கேலி செய்வீர்கள். இப்போது பட்டறை இல்லை, எழுத்து மட்டும் இருக்கிறது. சென்னையில் மணிமாறன் என்று ஒருவர் இணையத் தொடர் எடுக்கிறார். படித்துவிட்டு, “சார், த்ரில்லர் நல்லா வருது. ஆனா அந்த அக்கா கேரக்டர் நம்புற மாதிரி இல்ல. ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள அவளைச் சரி பண்ணிக் குடுங்க, எடுத்துக்கறேன்” என்றார்.

எனக்கு எங்கே தப்பு என்று தெரியவில்லை. இங்கே படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என்னிடம் பொய் சொல்லாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முப்பது வருஷம் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் நீங்கள். மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி மறைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கதையில் ஒரு அக்காவும் தம்பியும் வருகிறார்கள். அது நீங்கள் இல்லை. முன்பே சொல்லிவிடுகிறேன்.

போனில் கூப்பிடவில்லை. எடுக்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
சேவியர்ராஜ்

*

மரவனேரி, சேலம்
19 ஜூன் 2024

தம்பி சேவியர்ராஜுக்கு,

கவர் கிடைத்தது. கூரியர்காரர் அதைக் கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போனார். அடுத்த முறை பதிவுத் தபாலில் அனுப்பு.

போனை நான் எடுக்காததற்குக் காரணம் கோபம் அல்ல. போனில் சொன்னதை மறுநாள் யார் வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம். தாளில் எழுதியதை மாற்ற முடியாது.

இரண்டு முறை படித்தேன். உன் எழுத்து முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. முதல் நாற்பது பக்கம் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. ஏற்காடு அடிவாரத்தில் பெஞ்சமின் தனியாக இருக்கிறான். அவன் மகள் லீனாவின் கல்யாணம் ஒரு மொட்டைக் கடிதத்தால் நின்றுவிட்டது. அதன் பிறகும் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு கடிதம் கிடக்கிறது. அடியில் பெயர் இல்லை. அவன் நேற்று மனதுக்குள் நினைத்தது இன்று கடிதத்தில் இருக்கிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் தன் விரலில் மைக்கறையைப் பார்க்கிறான் அல்லவா? அங்கே எனக்கு முதுகு சில்லிட்டது. இவனே எழுதிவிட்டு மறந்துபோகிறானோ என்று சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல சந்தேகத்தை உருவாக்கிவிட்டு, அறுபதாம் பக்கத்தில் ஏன் கைவிட்டாய்?

ஏனென்றால் உனக்கு முதலிலிருந்தே குற்றவாளி யார் என்று தெரியும். அக்கா ஆக்னஸ் உள்ளே நுழைந்ததும் கேமரா அவள் மூக்குக்கண்ணாடிச் சங்கிலியையும் கைப்பையையும் பார்க்கிறது. குற்றவாளியை இப்படி அறிமுகப்படுத்தினால் பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆக்னஸ் பற்றி மணிமாறன் சொன்னது சரி. அவள் கான்வென்டில் படித்தவள் என்று எழுதியிருக்கிறாய். தமக்கை என்ற அதிகாரத்தில் எல்லோரையும் முகத்துக்கு நேரே திருத்துகிறாள். மருமகனிடம் கரண்டி பிடிக்கத் தெரியாது என்கிறாள். பங்குச் சாமியாரின் பிரசங்கத்தில் தப்பு கண்டுபிடித்து அவரிடமே சொல்கிறாள். அப்படிப்பட்டவள் பெயர் போடாமல் கடிதம் எழுதுவாளா? மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களின் வாக்குமூலங்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெளியே பணிவானவர்கள். “எனக்கு என்னங்க தெரியும்” என்று தொடங்குவார்கள். உன் ஆக்னஸுக்கு அந்தப் பணிவு ஒரு பக்கத்தில்கூட இல்லை. அவளை வேறு பெண்ணாக மாற்று. முடியாவிட்டால் அவள் பெயர் போட்டு எழுதட்டும்.

அது நான் இல்லை என்றாய். கண்ணாடிச் சங்கிலி என் கழுத்தில் இருக்கிறது. தேநீரில் ஏலக்காய் இருந்தால் தள்ளி வைக்கிறவளும் நான்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றாகக் கவனித்திருக்கிறாய்.

அக்சிலியா அருள்தாஸ்

*

நாமக்கல்
30 ஜூன் 2024

அக்காவுக்கு,

ஆக்னஸ் பெயர் போட்டு எழுதுவாள் என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நான் எதையும் கற்பனை செய்யவில்லை. நடந்ததை எழுதினேன். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

2013 பிப்ரவரி. என் மகள் வினோலியாவுக்கும் ஜலகண்டாபுரம் மிக்கேல்ராஜுக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு கோவிலில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். மூன்றாவது ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் சாமியார் என்னைத் தான் தங்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். டைப் அடித்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கனவே பதிவுத் திருமணம் ஆகியிருக்கிறது என்று அதில் இருந்தது. அடியில் பெயர் இல்லை.

அந்தத் தமிழ் எனக்குத் தெரியாதா? ‘மேற்கண்ட நபர்’ என்று இந்த நாமக்கல்லில் யார் எழுதுவார்கள்? அன்று சாயங்காலம் கல்யாண ஏற்பாடு பேச மாப்பிள்ளை வீட்டாரும் நீங்களும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள்; அவர்கள் முன்னாலேயே உங்களைக் கேட்டேன், “அக்கா, இந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதுனதா?” என்று. நீங்கள் வாய் திறக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

மாப்பிள்ளையின் அப்பா கூடத்தின் நடுவில் நின்று, “எம்பையன் மேல கறை பூசுன ஊட்டுல பொண்ணு எடுக்க மாட்டனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தில் இருந்தது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. வினோலியாவுக்கு அப்போது இருபத்தேழு. இப்போது முப்பத்தெட்டு. கோழித்தீவன ஆய்வகத்துக்குப் போகிறாள், வருகிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆக்னஸை நான் மாற்ற மாட்டேன்.

சேவியர்ராஜ்

*

மரவனேரி, சேலம்
6 ஜூலை 2024

தம்பி சேவியர்ராஜுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் குழப்பம்தான் வந்தது. ஒரு விஷயம் பொருந்தவில்லை.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். இதை நான் என்றும் மறைத்ததில்லை. அடியில் என் முழுப்பெயரும் முகவரியும் டைப் அடித்து, அதன் மேல் நீல மையில் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தடை தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. அதைச் செய்ய எனக்கு என்ன பயம்? நான் அனுப்பும் எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் வைத்திருப்பேன். அதன் ஜெராக்ஸை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்தும் அழுந்தி விழுந்திருக்கிறது, பார்.

நீ அன்று கூடத்தில் சம்பந்திகள் முன்னால் என்னைக் கேட்டபோது, என் பெயரைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். என் பெயரைப் பார்த்த பிறகும் அதை மொட்டைக் கடுதாசி என்கிறாயே, இத்தனை பேர் முன்னால் என்னை அந்த இழிந்த கூட்டத்தில் சேர்க்கிறாயே என்று எழுந்து போனேன். ஒரு நாள் நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று பதினோரு வருஷம் இருந்தேன்.

உனக்குக் கொடுத்த தாளில் பெயர் இல்லை என்றால் அது என் தாளாக இருக்க முடியாது. அல்லது அதற்கு ஏதோ ஆகியிருக்கிறது. அந்தத் தாளை நீ கிழித்திருக்க மாட்டாய். அதை வைத்துக் கதை எழுதியிருக்கிறாய், ஆகவே பத்திரமாக இருக்கும். ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பார். நான் எப்போதும் லீகல் தாளில்தான் டைப் அடிப்பேன். நீளம் பதினான்கு அங்குலம்.

பொய் என்று எழுதியிருக்கிறாய். அது பொய் அல்ல. ஓய்வுபெற்ற பிறகு வழக்கறிஞர்களுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஜலகண்டாபுரம் அ. மிக்கேல்ராஜ் மீது அவன் மனைவி போட்ட மணமுறிவு மனு என் கையால் ஆங்கிலத்துக்குப் போனது. பதிவுத் திருமணச் சான்றிதழைக் கண்ணால் பார்த்தேன். தொழில் ரகசியத்தை மீறினேன். அதற்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. ஆனால் என் வீட்டுப் பெண்ணை இரண்டாம் தாரமாகப் போகவிட முடியாது.

அக்சிலியா அருள்தாஸ்

*

நாமக்கல்
17 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அளந்தேன். பதினொன்றரை அங்குலம். மேலேயும் பக்கவாட்டிலும் மில்லில் வெட்டிய விளிம்பு. அடி விளிம்பு மட்டும் லேசாகக் கோணலாக இருக்கிறது. இத்தனை வருஷம் அதை நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட அடி விளிம்பைப் பார்க்கவில்லை. எழுத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சாமியார் காலமாகிவிட்டார். அப்போது கோவில் வேலைகளில் அவருக்கு உதவிய உபதேசியாரைத் தேடி ராசிபுரம் போனேன். எண்பத்திரண்டு வயது. காது மந்தம், ஆனால் ஞாபகம் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. காகிதத்தை நீட்டினேன். பார்த்ததும் சிரித்தார்.

“நாந்தானுங்க கத்திரிக்கோல் எடுத்துக் குடுத்தேன். ‘இந்தப் பேரு அந்த ஊட்டுக்குள்ள போச்சுன்னா அக்காளும் தம்பியும் ரெண்டா போயிருவாங்கடா’ன்னு சொல்லிப்போட்டு சாமியாரு வெட்டுனாருங்க. துண்டை அடுப்புல போடச் சொன்னாரு.”

“எங்கிட்ட ஏனுங்க சொல்லல?”

“சாமியார் காப்பாத்துன மானத்தை நான் வெளிய சொல்லலாமுங்களா? ஆமா, உங்கக்கா சௌக்கியமா?”

நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்றேன். காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “பேரை வெட்டியுமா சாமி?” என்றார்.

அக்கா, உங்களைக் கோழை என்று நினைத்தேன். அது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதோடு முடியவில்லை.

மனுவில் இருந்தது வேறு மிக்கேல்ராஜ். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா பையன். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மகனும் தன் மூத்த பையனுக்குத் தாத்தா மிக்கேல் பெயரைத்தான் வைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்தோணி. சித்தப்பா அருளப்பன். இரண்டு பையன்களுக்கும் முதல் எழுத்து ‘அ’. இது எங்களுக்கு ஒரு மாதத்தில் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே தெரியும், வேண்டுமென்றே எழுதினீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியாது என்று இப்போது புரிகிறது.

நீங்கள் எங்கேயும் போய் விசாரித்தீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தம்பி,
சேவியர்ராஜ்

*

மரவனேரி, சேலம்
4 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

நீ சொன்னதை நான் உடனே நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சமாளித்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் பெயரைத் தாங்கிப் போன கடிதம் தவறாக இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஜலகண்டாபுரம் போனேன்.

மனுவின் குறிப்பு என் நோட்டில் இருந்தது. மனைவியின் பெயர் உஷாராணி. பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் பெண்ணிடம் பெயரைச் சொன்னதும், “எந்த மிக்கேலுங்க? பெருசா, சிறுசா?” என்றாள். நடந்து போவதற்கு முன்பே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

உஷாராணி தறிச் சத்தத்துக்கு நடுவில் வெளியே வந்தாள். மனுவை அடுத்த வருஷமே திரும்பப் பெற்றுவிட்டாளாம். அந்தக் கணவனோடுதான் இருக்கிறாள். நான் யார் என்று மறைக்காமல் சொன்னேன். உட்காரச் சொன்னாள்.

“எங்க ஊட்டுக்காரரு சின்ன மிக்கேலுங்க. கல்யாணம் நின்னுச்சே, அவரு பெரிய மிக்கேலு. ஊருக்கே தெரியுமுங்களே!”

“எனக்குத் தெரியாது.”

“ஒரு நடை வந்து தெருவுல யாரையாவது கேட்டிருக்கலாமுங்களே.”

“என்னிடம் சான்றிதழ் இருந்தது.”

“எங்க சண்டைக்குக் குடுத்த காயிதமுங்க அது,” என்றாள். “அதுல போயி இன்னொரு புள்ளையோட கல்யாணம் நின்னுபோச்சா?” மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மறுக்க எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் விசாரிக்கவில்லை, சேவியர். உன் கேள்விக்கு இதுதான் பதில். கோர்ட்டில் எத்தனையோ பேரிடம் தகப்பன் பெயரை முழுதாகச் சொல்லச் சொல்லி அதட்டியிருக்கிறேன். அன்று எனக்கு ஒரு எழுத்து போதுமாக இருந்தது. கையெழுத்துப் போடத் துணிந்ததே என் பேச்சுக்கு ஆதாரம் என்று நினைத்துவிட்டேன். கோழைகள்தான் பொய் சொல்வார்கள், நான் கோழை இல்லை, ஆகவே நான் சொல்வது உண்மை. எழுபத்து நான்கு வயதில் எழுதிப் பார்க்கும்போது இது எவ்வளவு மோசமான வாதம் என்று தெரிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் யாராவது இப்படிப் பேசியிருந்தால் இடைவேளையில் சிரித்திருப்பேன்.

நான் தவறு செய்தேன். இந்த வாக்கியத்தை ஆறு தாளில் டைப் அடித்துப் பார்த்தேன். ஆறிலும் காரணங்கள் சேர்ந்துகொண்டன. இந்தத் தாளில் தனியாக நிற்கிறது.

இனி உன் திரைக்கதை. மதிப்பீடு கேட்டாய், பாதியில் விட மாட்டேன். ஆக்னஸ் பெயர் போட்டு எழுதட்டும், ஆனால் அவள் எழுதுவது தவறாக இருக்கட்டும். பெஞ்சமின் பெயர் இல்லாத எழுத்தைத் தேடி அலையட்டும். கடிதம் வாசலில் கிடக்க வேண்டாம்; ஒரு நல்ல மனிதர் கொண்டுவந்து கொடுக்கட்டும், அவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பயம் அங்கே இருக்கிறது. கடைசியில் தம்பி அக்காவை அறையில் வைத்துப் பூட்டும் காட்சியை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக அவர்கள் கட்டிப்பிடித்து அழும் காட்சியை வைத்துவிடாதே. அதை நீ ஏற்கனவே மனதில் எழுதிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். அது அதைவிடப் பெரிய பொய்.

இன்னொன்று. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் லீனாவுக்கு எத்தனை வசனம் என்று எண்ணினேன். ஒன்பது. அவற்றில் நான்கு “சரிப்பா”. கல்யாணம் நின்றது அவளுக்கு. அக்காவும் தம்பியும் யாருக்கு அவமானம் என்று நூறு பக்கம் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன் கதையின் பெரிய குறை ஆக்னஸ் இல்லை. நம் இருவரின் குறையும் அதேதான்.

நான் வினோலியாவைப் பார்க்க வேண்டும். உன்னை அல்ல, அவளை. இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடு, என்னுடையதை மட்டும் அல்ல. படித்த பிறகு நான் வரலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அவள் சார்பில் நீ பதில் சொல்லாதே.

அக்கா

*

நாமக்கல்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மணிமாறனுக்குப் போன் செய்து, கதையைத் திரும்ப எழுத வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள் முடியாது என்றேன். “இன்னொருத்தர் கதை கையில இருக்கு சார், காத்திருப்பேன்னு சொல்ல முடியாது” என்றார். சரி என்றேன். எனக்கு அறுபத்தேழு வயது, இன்னொரு மணிமாறன் வருவாரா என்று தெரியவில்லை. ஆனாலும் பழைய முடிவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் சொன்ன கட்டிப்பிடித்து அழும் காட்சி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

கடிதங்களை வினோலியாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை ஆய்வகத்துக்குப் போகாமல் படித்தாள். சாயங்காலம் வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஏப்பா, எனக்கு அந்த மிக்கேல்ராஜைப் பிடிச்சிருந்துச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். அவளே, “தெரியாதுல்ல. அத்தைக்கும் தெரியாது” என்றாள். அதற்கு மேல் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

நீங்கள் வருவதைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை:

“அத்தை வரட்டும். நீங்க கோவிலுக்கோ கடைக்கோ போயிருங்க. அத்தைகிட்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க, கேட்டாங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். நான் பேசி முடிக்கற வரைக்கும் அத்தை வாயத் தொறக்கக் கூடாது. நடுவுல திருத்தக் கூடாது. முடியுமான்னு கேட்டு எழுதுங்க.”

முடியுமா அக்கா?

சேவியர்ராஜ்

*

மரவனேரி, சேலம்
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சேவியருக்கு,

முடியும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கிளம்பி, பதினொன்றரைக்கு நாமக்கல் பஸ் நிலையத்தில் இறங்குவேன். அழைக்க யாரும் வர வேண்டாம். வழி தெரியும்.

அவள் எவ்வளவு நேரம் பேசினாலும் உட்கார்ந்திருப்பேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கவில்லை. திரைக்கதையைத் திரும்ப எழுது, ஆனால் அவள் என்னிடம் சொல்வதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். லீனாவின் வசனங்களுக்கு நீ உன் மகளிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அக்கா